தூரமோ, அண்ணை?

பற்றரி பற்றியும் பிறேக் பற்றியும் நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் புதிதாக வழிகாட்டிகளாகச் சேர்ந்திருக்கிற உங்கள் மூன்று பேருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், மின்சார சைக்கிளை மழையில் நிறுத்தினால் ஷொக் அடிக்குமா என்று முதலாளியிடம் கேட்டவன். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அப்படிப்பட்டவனை நம்பித்தானே பதினாறு வருடம் ஒஸ்லோவிலிருந்து ஆட்களைச் சைக்கிள் சுற்றுலாவுக்குக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குப் போகவிட்டார்.

போன கிழமை பட்டறைக்கு வந்திருந்தேன். வழிகாட்டிகளுக்கான விதிகளை எழுதிச் சுவரில் நான் ஒட்டிவிட்டு வந்த தாள் இன்னும் அதே இடத்தில் இருந்தது. ஓரத்தில் கிறீஸ் பட்டு மஞ்சளாகிவிட்டது. அதன் முதல் வரியைக் காட்டி உங்களில் ஒருத்தி கேட்டாள்.

"அங்கிள், தனிய வெளிக்கிடுற ஒவ்வொருத்தரிட்டையும் 'எங்கை போறியள், எத்தினை மணிக்கு வருவியள்' எண்டு கேக்கச் சொல்லி எழுதியிருக்கிறியள். அது அவையின்ரை பிறிவாட் விசயம் இல்லையோ?"

பிள்ளை நோர்வேயில் பிறந்தவள், அவளுக்கு அது தனிமனித உரிமை. பக்கத்தில் நின்ற சென்னைத் தம்பி வேறொரு காரணத்துக்காக முகத்தைச் சுளித்தார். "சார், கெளம்புறவங்கள எங்க போறீங்கன்னு கேக்கக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். வாசல்படி தாண்டுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று சொல்லி வளர்த்தார்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், சுற்றி வளைத்து 'தூரமோ?' என்று கேட்க வேண்டும். அவரும் 'போகிறேன்' என்று சொல்லமாட்டார், 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்பார். இரண்டு பக்கமும் மரியாதை முடிந்தது. ஒருவருக்கும் ஒரு தகவலும் தெரியாது.

அன்றைக்கு உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சாட்டுச் சொல்லிப் புறப்பட்டுவிட்டேன். உண்மையில் அந்த வரியை எழுதவைத்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. எழுதுவது சுலபம், அதனால் எழுதுகிறேன்.

அது நான் கூட்டிப்போன முதலாவது தமிழ்க் குழு. அதுவரை நோர்வேஜியர்தான். அவர்கள் சொன்ன நேரத்துக்கு நிற்பார்கள், வரைபடத்தை வாசிப்பார்கள், கொடுத்ததைச் சாப்பிடுவார்கள். எங்கள் ஆட்களையும் ஒருமுறை இந்தக் கிராமங்களுக்குள் சைக்கிளில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஒஸ்லோவின் ஓரத்தில் எங்கள் ஆட்கள் இருக்கிற ஹொல்ம்லியாவிலிருந்தும் ட்வெய்ட்டாவிலிருந்தும் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். செப்டெம்பர் மாதம், இத்தாலியின் நடுப்பகுதியில் உம்ப்ரியா மலைநாட்டில் திராட்சை பறிக்கிற காலம். முதல் நாள் சைக்கிளில் ஏறி, மோட்டார் பின்னாலிருந்து தள்ளுவதை உணர்ந்ததும் தவமணி அக்கா போட்ட கூச்சல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. "ஐயோ, இது என்னைக் கேளாமல் போகுது!" ஹொல்ம்லியாவில் எனக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருப்பவர். ஒலிவ் தோப்புக்கு நடுவில் அறுபது வயதுக்காரி பாவாடை சட்டைக் காலத்துக்குப் போய்விட்டார். உணவகத்தில் எந்த நல்ல பாஸ்தா வந்தாலும் கைப்பையிலிருந்து மிளகாய்த்தூளை எடுத்துத் தூவுவார், சமையல்காரர் பார்த்துக்கொண்டு நிற்பதையும் பொருட்படுத்தமாட்டார். அந்தச் சந்தோசத்தைப் பிறகு எந்தக் குழுவிலும் நான் பார்க்கவில்லை.

அந்தக் குழுவில் கனகராசா அண்ணையும் இருந்தார். ட்வெய்ட்டாவில் இருப்பவர், வயது எழுபது. முப்பது வருடம் பள்ளிக்கூடமொன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூட்டு, கதவு, வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எங்கே போனாலும் அவர் கண் பார்த்துக்கொண்டிருக்கும். மனைவி இறந்து ஒரு வருடம். மகள்தான் பணம் கட்டி அனுப்பியிருந்தாள். மகள் ஒரு தாதி. விமான நிலையத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், அப்பாவுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுறவர். ஊசி போட்டால் வடிவாய்ச் சாப்பிட வேணும், இல்லாட்டிச் சீனி இறங்கி மயங்கிப்போவார். ஏலாமல் வந்தாலும் தானாய்ச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேணும்."

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை," என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

மூன்றாம் நாள் காலை, மலைச்சரிவில் செம்மறிகள் மேயும் ஒரு பெரிய காணியைக் கடந்து போக வேண்டும். பாதை காணிக்குள்ளால் போகிறது, மேல் முனையிலும் கீழ் முனையிலும் இரும்புப் படலை. படலை என்றால் வேலியில் இருக்கிற கேற். சங்கிலியைக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நோர்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கொலையைக்கூட மன்னிப்பார்கள், படலையைத் திறந்துவிட்டுப் போனவனை மன்னிக்கமாட்டார்கள். ஆனாலும் அன்று காலைச் சாப்பாட்டு மேசையில் நான் இதைப்பற்றிக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "ஒரு ஆள் மறந்தால் போதும், அடுத்த வருசம் எங்களை இந்தக் காணிக்குள்ளை விடமாட்டினம். எங்கடை சனத்துக்கே கெட்ட பேர்" என்றெல்லாம் விரலை ஆட்டினேன். தவமணி அக்கா எனக்குப் 'படலைக் காவல்காரன்' என்று பட்டம் வைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

ஒரு சிரமமும் இல்லாமல் இறங்கி, மதியம் பெவாக்னா என்ற சின்னப் பழைய ஊருக்கு வந்து சேர்ந்தோம். கல் பாவிய சதுக்கம், நடுவில் நீரூற்று, எதிரும் புதிருமாக இரண்டு பழைய தேவாலயங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணிவரை எல்லாருக்கும் ஓய்வு. இரண்டு மணி இருக்கும், கனகராசா அண்ணை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சைக்கிளை உருட்டுவதைக் கண்டேன்.

"தூரமோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி, உதிலைதான். போட்டு வாறன்."

"ஓம், போட்டு வாங்கோ."

எவ்வளவு அழகான உரையாடல், பாருங்கள். பத்து வருடம் நோர்வேஜியரிடம் 'எங்கே, எப்போது' என்று கேட்டுக் கேட்டுக் களைத்த எனக்கு, என் மனிதர்களோடு என் முறையில் கதைப்பது எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா? ஊர் சுற்றப்போகிறார், தேவாலயம் பார்க்கப்போகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நிழலில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கமும் போட்டேன்.

நாலு மணிக்கு எல்லாரும் வந்தார்கள், அவர் வரவில்லை. நாலே காலுக்கு அவருடைய கைபேசிக்கு அடித்தேன். தவமணி அக்காவின் கைப்பைக்குள் மணி அடித்தது. "என்னட்டைத்தான் தந்திட்டுப் போனவர்" என்று அக்கா பையைத் திறந்தார். உள்ளே கைபேசியும், அவருடைய ஊசிப் பெட்டியும் இருந்தன.

அந்த நேரம் எங்கள் பயணப்பைகளை ஏற்றிவரும் வான் வண்டி வந்து நின்றது. வானை ஓட்டுகிறவள் அந்தப் பகுதிக்காரி, எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்த நல்லதெல்லாம் அவளிடமிருந்து வந்ததுதான். பெயரைச் சொன்னால் திட்டுவாள், விடுங்கள். நான் ஏற்கனவே ஒரு காலைச் சைக்கிளில் போட்டுவிட்டேன். "நான் மொண்டெஃபால்கோப் பக்கம் போகிறேன், நீ வானை எடுத்துக்கொண்டு ஃபொலின்யோப் பக்கம் போ" என்றேன்.

"ஏன் மொண்டெஃபால்கோ?" என்று கேட்டாள்.

நான் தலைக்கவசத்தின் வாரை இழுத்துப் பூட்டினேன்.

"தெரியாதென்றால் உட்கார்" என்று என் சைக்கிள் சாவியை உருவித் தன் சட்டைப்பைக்குள் போட்டாள். போட்டுவிட்டு, கோப்பிக்கடைக்காரரிடம் எல்லாருக்கும் கோப்பி சொன்னாள்! ஒரு மனிதரைக் காணவில்லை, இவள் கோப்பி குடிக்கச் சொல்கிறாளே என்று எனக்குத் தலைக்குமேல் கோபம். அதோடு மேசையில் இருந்த சீனிப் பைக்கற்றுகளை அள்ளிப் பையில் திணிப்பதையும் பார்த்தேன். இந்த நேரத்திலும் ஓசிச் சீனியா என்று மனதுக்குள் திட்டினேன்.

அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள், நான் மொழிபெயர்த்தேன். அவர் என்ன சாப்பிட்டார்? எதைப் பற்றிக் கதைத்தார்? எதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்?

"ஊசியைப் போட்டுட்டுப் பாதிதான் சாப்பிட்டவர். ஏதோ யோசினையாய் இருந்தவர்," என்றார் தவமணி அக்கா. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சாப்பிடேக்கை ஒருக்கால் கேட்டவர், ஆடு றோட்டுக்கு வந்தால் இஞ்சத்தை ஆக்கள் காரை நிப்பாட்டுவினமோ எண்டு. நான் பகிடியெண்டு நினைச்சுப்போட்டன்."

கோப்பிக் கோப்பையை அப்படியே வைத்தேன்.

காலையில் அந்தக் காணியின் கீழ்ப்படலையில் கடைசியாக நின்றது நானும் கனகராசா அண்ணையும்தான். அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கள் இறங்குங்கோ அண்ணை, நான் சாத்திப்போட்டு வாறன்" என்றேன். அதே நேரம் ஒஸ்லோ அலுவலகத்திலிருந்து ஹோட்டல் அறைகளைப் பற்றி ஒரு அழைப்பு. கதைத்துக்கொண்டே சைக்கிளில் ஏறினேன். இரும்பில் என் கை பட்டது ஞாபகம் இருக்கிறது. சங்கிலிச் சத்தம் ஞாபகத்தில் இல்லை.

இப்போது கவனமாக வாசியுங்கள், இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உண்மை எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டில் பதினொரு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் விரலை ஆட்டிய அதே ஆள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்த மலைப்பக்கமாய் ஒருக்கால் பார்ப்பம்" என்றேன். பொதுவாக, ஏதோ எனக்குத் தோன்றியது போல.

"மலைக்கு இரண்டு றோட்டு. தார் றோட்டில் போனால் மேல் ஊருக்குப் போகும், மண் றோட்டில் போனால் செம்மறிக் காணியின் அடிக்குப் போகும். எதில்?" என்றாள் அவள்.

நான் பேசாமல் இருந்தேன். அரை நிமிடம் இருக்கும். ஒரு மனிதரின் உடம்பில் சீனி இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் என் மானத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண் றோட்டைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த அரை நிமிடத்துக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். மறந்துபோனது பிழைதான், அது யாருக்கும் நடக்கும். அந்த மௌனம் வேறு.

பிறகு சொன்னேன். தமிழில், எல்லாருக்கும் கேட்க. "காலமை படலையைத் திறந்து விட்டுட்டு வந்தது நான்தான். அண்ணை அதைச் சாத்தத்தான் போயிருக்கிறார்."

யாரும் சிரிக்கவில்லை. தவமணி அக்காதான் முதலில் எழுந்தார். "சரி, சரி, அதைப் பேந்து பாப்பம். முதல் கெதியாய்ப் போங்கோ!" என்று ஊசிப் பெட்டியை என் கையில் திணித்தார்.

ஒன்பது கிலோமீற்றர். கடைசி மூன்றும் செங்குத்தான ஏற்றம். காலை முழுவதும் அவர் மோட்டாரை உச்சத்தில் வைத்து ஓடியவர், பற்றரியில் கால்வாசிகூட மிச்சமிருக்காது. இருபத்தைந்து கிலோ சைக்கிளை அந்த வயதில் தள்ளிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். வானுக்குள் நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். அவள் மண் றோட்டில் புழுதி பறக்க ஓட்டினாள்.

படலை அடியில் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகை இரும்பில் சாய்த்து, கால்களை நீட்டி. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது, கண் எங்கேயோ பார்த்தது. நான் "அண்ணை!" என்று கத்தியதற்குத் தலை மட்டும் கொஞ்சம் திரும்பியது. அவள் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். பையிலிருந்து அந்தக் கோப்பிக்கடைச் சீனிப் பைக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தண்ணீர்ப் போத்தலுக்குள் கொட்டிக் குலுக்கி, அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். ஊசிப் பெட்டியைப் பற்றி நான் வாய் திறக்குமுன்பே, சதுக்கத்தில் அக்காவின் திறந்த கைப்பைக்குள் அந்தப் பெட்டியைக் கண்ட நேரமே, அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டிருந்தாள். நான் அவளை ஓசிச் சீனிக்காரி என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார்.

"படலை சாத்தியிருக்கு, தம்பி," என்றார்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே கோபமும் வந்தது. "ஏன் அண்ணை தனிய வந்தனீங்கள்? பையிலை பிஸ்கற் ஏதும் இல்லையோ? மகள் தந்துவிட்டவ எல்லோ!"

"நாலு ஆடு வெளியாலை வந்து நிண்டுது. கூப்பிட்டால் வருகுதில்லை. பாஷை தெரியாதாக்கும். பிஸ்கற்றைக் காட்டித்தான் ஒவ்வொண்டாய் உள்ளை எடுத்தனான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கடைசி ஆடு சரியான கள்ளன். பைக்கற்றை முழுக்க முடிச்சுப்போட்டுத்தான் போனது."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! காலமையே திரும்பி வந்து சாத்தியிருப்பனே!"

"எப்பிடித் தம்பி சொல்லுறது? நான் கீழை நிண்டு திரும்பிப் பாக்கேக்கை அது ஆவெண்டு திறந்து கிடக்குது. நீர் முன்னுக்குப் போயிட்டீர். சதுக்கத்திலை எல்லாரும் உம்மைச் சுத்தி நிக்கினம். காலமைதான் அவ்வளவு கதை கதைச்சனீர். எல்லாருக்கும் முன்னாலை உம்மைக் குறைக்கலாமோ?" சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவளுக்குத் தமிழ் விளங்காது என்பதையும் மறந்துவிட்டார். "உது எங்களுக்குள்ளை இருக்கட்டும். நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"சொல்லிப்போட்டன் அண்ணை. எல்லாருக்கும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அட! பிறகேன் காணும் நான் இந்தப் பாடு பட்டனான்?"

அவளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். படலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து செம்மறிகள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஊர் வைத்தியரிடம் காட்டினோம், பயமில்லை என்றார். மாலை நானே மகளுக்கு அழைத்து ஒன்றும் விடாமல் சொன்னேன். "வெளிக்கிடேக்கை கேட்டனீங்களோ, அங்கிள்?" என்றாள். "தூரமோ எண்டு கேட்டனான் பிள்ளை," என்றேன். சொல்லும்போதே அது எப்படி ஒலித்தது என்று எனக்கே கேட்டது. அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அடுத்த முறை வடிவாய்க் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அடுத்த முறை என்று ஒன்று இருக்கும் என அவள் சொன்னதே எனக்குப் பெரிய மன்னிப்பாகப் பட்டது. அடுத்த வருடம் அவரைத் திரும்பவும் அனுப்பினாள், உண்மையாகவே.

ஒஸ்லோ திரும்பியதும் அந்தத் தாளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். எங்கள் ஆட்கள் முறுமுறுத்தார்கள். வெளிக்கிடும்போது இப்படிக் கேட்கிறாயே, நீ ஒரு தமிழனா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆகையால் பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். உங்கள் பிழையால் ஒருவர் ஆபத்தில் இருந்தால், அதைச் சொல்ல நான் எடுத்த அரை நிமிடத்தை நீங்கள் எடுக்காதீர்கள். மிச்சத்தை அந்த றோட்டுகளே சொல்லித் தரும். எனக்கு இப்போது முழங்கால் விடாது. செப்டெம்பர் வந்தால் அந்த ஒலிவ் இலைகள் வெயிலில் வெள்ளையாய்த் திரும்புவதை நினைத்துக்கொண்டு ஹொல்ம்லியா ஜன்னலில் நிற்பேன், அவ்வளவுதான்.

போன கிழமை உங்களிடம் ரயிலுக்கு நேரமாச்சு என்றேன் அல்லவா, நான் போனது ட்வெய்ட்டாவுக்கு. கனகராசா அண்ணை இப்போது அதற்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கால் இயலாது, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சிரித்தார். அந்தக் கள்ள ஆட்டின் கதையை எனக்கே புதிதாகச் சொல்வது போல இன்னொரு முறை சொன்னார். ஆட்டின் எண்ணிக்கை இப்போது ஏழாகிவிட்டது, நான் திருத்தவில்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கியது. எழுந்து ஜக்கெற்றை மாட்டினேன்.

"தம்பி," என்றார். "எங்கை போறீர்?"

வாசலில் நின்ற என்னை எங்கள் ஆள் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வீட்டை, அண்ணை. ட்வெய்ட்டாவிலை சுரங்க ரயில் எடுத்து, சென்ரலிலை மாறி, ஹொல்ம்லியா. ஆறு மணிக்குள்ளை போயிடுவன்."

"போனவுடனை எனக்கு அடியும்."

"ஓம், அண்ணை."

"கதவைச் சாத்திப்போட்டுப் போம்."

சாத்தினேன். தாழ்வாரத்தில் பத்து அடி நடந்த பிறகு சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்க் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. உள்ளே அவர் சிரிப்பது கேட்டது.